வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறீர்களா?

ஆகஸ்ட் மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். காவி உடுத்தி, கழுத்தில் ஜெபமாலை போட்டு, வரிசையாக நடப்பார்கள். முன்னால் ஒருவர் கொடி பிடித்திருப்பார். பின்னால் ட்யூப் லைட் கட்டிய சப்பரம் (மாதா சொரூபம் வைத்த சிறு தேர்) உருண்டு வரும். “மரியே” என்று ஒருவர் குரல் கொடுக்க, “வாழ்க” என்று மற்றவர்கள் முடிப்பார்கள்.

இந்த வருடம் நாமும் நடந்தால் என்ன என்று உங்கள் வீட்டில் பேச்சு வந்திருக்கலாம். நல்ல ஆசைதான். ஆனால், பக்தி இருந்தால் கால் தானாக நடக்கும் என்று நம்பிக் கிளம்பியவர்கள் மூன்றாம் நாள் சாலையோரம் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. முன்கூட்டி யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் தூரம். சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் வழியாக ஏறக்குறைய 330 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து 150, தஞ்சாவூரிலிருந்து 95, திருவாரூரிலிருந்து 35 என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். குழுவாக நடக்கும்போது நாளுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர்தான் நியாயமான கணக்கு. சென்னை என்றால் 11 முதல் 13 நாள், தஞ்சாவூர் என்றால் நாலு நாள்.

முதல் தடவை நடப்பவர் சென்னையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ குழுவோடு சேர்ந்துகொண்டு கடைசிப் பகுதியை மட்டும் நடக்கலாம். அதை ‘அரைகுறை யாத்திரை’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

எந்தத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்? ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றம். அதிலிருந்து நவநாள் (ஒன்பது நாள் தொடர் ஜெபம்) நடக்கும். செப்டம்பர் 7 இரவு பெரிய தேர் பவனி. 8ஆம் தேதி மாதாவின் பிறந்தநாள் திருவிழா. சில குழுக்கள் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரும், சில தேருக்குப் போய்ச் சேரும். எதுவானாலும் ஒரு நாள் கையிருப்பில் இருக்கும்படி திட்டம் போடுங்கள். மழை பெய்யும், ஒருவருக்குக் காய்ச்சல் வரும், சப்பரத்தின் சக்கரம் கழன்றுவிடும். கையிருப்பு நாள் இல்லாவிட்டால் கடைசி இரண்டு நாளில் நாற்பது நாற்பது கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். அப்போது நோகாத கால் இருக்காது.

தனியாக நடந்தால் என்ன, குழு எதற்கு என்று கேட்கலாம். மூட்டை சுமக்க வண்டி, சமைக்க ஆள், படுக்க இடம், மயங்கி விழுந்தால் தூக்க நாலு கை. இத்தனையும் குழுவில்தான் கிடைக்கும். ஆனால் எல்லாக் குழுவும் ஒரே மாதிரி இருக்காது. பெயர் கொடுப்பதற்கு முன் தலைவரிடம் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூட்டைக்குக் குட்டியானை (சிறிய சரக்கு வண்டி) வருகிறதா? ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறோம், பங்குக் கோவில் வளாகமா, பள்ளிக்கூடமா, கல்யாண மண்டபமா? அங்கே அனுமதி வாங்கியாகிவிட்டதா? கட்டும் பணத்தில் சாப்பாடும் திரும்பி வரும் பஸ்ஸும் அடக்கமா? மருந்துப் பெட்டி யார் பொறுப்பு? இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: வரிசையின் கடைசியில் நடப்பவர் யார்?

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முப்பது பேர் ஒன்றாகக் கிளம்பினால், இரண்டு மணி நேரத்தில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் விழுந்துவிடும். முன்னால் போன இளைஞர்கள் டீக்கடையில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். பின்னால் வரும் பெரியம்மா மூச்சு வாங்க அந்த இடத்துக்கு வந்து சேரும்போது, “வாங்க, கிளம்பலாம்” என்று அவர்கள் எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவையில்லாதவருக்கு ஓய்வு கிடைக்கிறது, தேவைப்படுகிறவருக்கு ஒரு நிமிடமும் இல்லை. மூன்று நாள் இப்படிப் போனால் அந்த அம்மாவால் எழுந்திருக்க முடியாது.

நல்ல குழுவில், எல்லோரையும்விட நன்றாக நடக்கும் ஒருவரை வேண்டுமென்றே கடைசியில் போடுவார்கள். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்குவார்கள். மெதுவாக நடப்பவர்களை முன் வரிசையில் விட்டு அவர்கள் வேகத்துக்கே மற்றவர்களும் நடப்பது இன்னும் நல்லது. இந்த ஒரு பழக்கம் இருக்கிறதா என்று கேட்டாலே குழுவின் தரம் தெரிந்துவிடும்.

ஜெபமாலையும் இதற்கு உதவும். 53 மணி ஜெபமாலையைச் சேர்ந்து சொல்லி முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும் என்பதால், குரல் கேட்கும் தூரத்துக்குள்தான் எல்லோரும் நடந்தாக வேண்டும். வேகமும் மூச்சுக்குள் அடங்கும். சேர்ந்து சொல்ல மூச்சு போதவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம், உடனே குறையுங்கள்.

நான் கிறிஸ்தவர் இல்லையே, வரலாமா? தாராளமாக. வேளாங்கண்ணிக்கு வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம், முஸ்லிம்களும் உண்டு. நடைபயணத்திலும் அப்படித்தான். ஜெபத்தின்போது அமைதியாக நடந்தால் போதும். திருப்பலியில் (பூசையில்) நற்கருணை வாங்குவது மட்டும் கத்தோலிக்கர்களுக்கு உரியது. மற்றபடி மெழுகுவர்த்தி ஏற்றவும் வேண்டிக்கொள்ளவும் யாரும் உங்களைத் தடுக்கப்போவதில்லை.

இனி கால். மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள். முதல் வாரம் 5 கிலோமீட்டர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 15, 20 வரை போகலாம். கடைசி இரண்டு வாரங்களில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நீண்ட தூரம் நடந்து பாருங்கள். ஒரு நாள் 20 கிலோமீட்டரை யாரும் நடந்துவிடலாம். நேற்று நடந்த வலியோடு இன்று மறுபடி எழுந்து நடப்பதுதான் யாத்திரை. பயிற்சியும் அதற்குத்தான் வேண்டும்.

செருப்பா, ஷூவா? ஏற்கனவே பழகியது எதுவோ அது. யாத்திரைக்கென்று புதிதாக வாங்கி முதல் நாள் போட்டுக்கொண்டு கிளம்பினால் கொப்புளம் நிச்சயம். நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால், ஷூ வாங்கினால் அரை அளவு பெரிதாக, மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். விரலிடுக்கிலும் குதிகாலிலும் தொடை உரசும் இடத்திலும் காலையில் வேஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். வேட்டி கட்டுபவர்கள் உள்ளே முழங்கால் வரை வரும் இறுக்கமான டிரவுசர் போட்டுக்கொள்வது நல்லது. தொடை உரசி வரும் புண்ணால் பாதியில் நின்றவர்கள் பலர். வெளியே சொல்லக் கூச்சப்படுவதால் அது பேச்சில் வருவதில்லை.

கொப்புளம் எப்படி வருகிறது? ஈரமான தோல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உரசும்போது மேல்தோல் பிரிந்து இடையில் நீர் கோக்கிறது. அதற்கு முன் அந்த இடம் சிவந்து சுருக்கென்று எரியும். அந்த எரிச்சல் வந்தவுடன் நில்லுங்கள். “அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடாதீர்கள். ஷூவைக் கழற்றி, மணலைத் தட்டி, பாதத்தைத் துடைத்து, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டி, காய்ந்த சாக்ஸ் மாற்ற ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை விட்டால் மூன்று நாள் நொண்ட வேண்டியிருக்கும்.

இரவில் தங்கும் மண்டபத்தில் ஒரு காட்சி பார்ப்பீர்கள். தூணோரம் ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் செல்போன் வெளிச்சத்தில் தையல் ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டுவிடுவார். நீர் நூல் வழியாகக் கசிந்துவிடும் என்பார்கள். கசியத்தான் செய்யும். ஆனால் அந்த நூல் வழியாகவே சாலை அழுக்கும் உள்ளே போகும். சிறிய கொப்புளத்தை உடைக்காமல் மேலே பஞ்சு வைத்துக் கட்டிவிடுங்கள். பெரிதாகி நடக்கவே விடவில்லை என்றால், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வெளியேற்றுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அதுதான் இயற்கையான கட்டு.

வெறுங்காலில் நடப்பதாக நேர்ந்துகொண்டேன், என்ன செய்வது? உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், தயவுசெய்து வேண்டாம். எங்கள் குழுவில் ஒரு அக்கா வெறுங்காலோடு நடந்தார். “எனக்கு வலியே தெரியவில்லை, மாதா பார்த்துக்கொள்கிறாள்” என்று சந்தோஷமாகச் சொன்னார். சாயங்காலம் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால், முன்பாதத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெந்து வெளுத்திருந்தது. வலி தெரியாததற்குக் காரணம், நீண்ட நாள் சர்க்கரையால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போனதுதான். மதிய வெயிலில் தார்ச் சாலை தோசைக்கல்தான். இப்படிப்பட்ட புண் ஆற மாதக்கணக்காகும், சில சமயம் விரலையே எடுக்க நேரும். சர்க்கரை உள்ளவர்கள் காலுறையோடு ஷூ போட்டு, தினமும் இரவில் இன்னொருவரை விட்டுப் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை, இன்சுலின் அளவையும் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை இறங்கும். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட இனிப்பு சட்டைப்பையிலேயே இருக்கட்டும். குட்டியானையில் இருந்து பயனில்லை.

அப்படியானால் நேர்ச்சையை (இறைவனிடம் செய்த பொருத்தனையை) மீறியதாகாதா? நடுவில் வண்டியில் ஏறினால் பாவமா? இந்தப் பயத்தில்தான் பலர் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து நியாயமான காரணத்துக்காக விடுவிக்கும் அதிகாரத்தைத் திருச்சபைச் சட்டமே பங்குத்தந்தைக்குத் தருகிறது. அதற்கு இணையான அல்லது அதைவிட மேலான ஒரு நற்செயலாக நீங்களே அதை மாற்றிக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. கிளம்பும் முன் சாமியாரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். மனம் லேசாகிவிடும், காலும் தப்பும்.

வெயிலை எப்படிச் சமாளிப்பது? காலை பத்து மணிக்குள் முக்கால் பங்கு தூரத்தை முடித்துவிடுங்கள். பிறகு நாலு மணி வரை நிழல். சாயங்காலம் மிச்சத்தை நடக்கலாம். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு தடவை நாலு மடக்கு குடியுங்கள். வியர்வையில் உப்பும் போகிறது என்பதால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, அல்லது ஓ.ஆர்.எஸ். (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் தூள்) இடையிடையே வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இரண்டும் தலைதட்டி அளக்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

கூட நடப்பவர் திடீரென்று உளறினால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், அது சாதாரணக் களைப்பு இல்லை. வெப்பம் மூளையைத் தாக்கத் தொடங்கிவிட்டது. உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வலி மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் கேட்டு வாங்கி, தினம் இரண்டு வேளை போட்டுக்கொண்டே நடப்பவர்கள் உண்டு. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் அதைவிடப் பாதுகாப்பு. ஒரு வலி தினமும் கூடிக்கொண்டே போனால் மாத்திரையால் அதை அமுக்காமல் ஒரு நாள் வண்டியில் வாருங்கள்.

இப்போது என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். யாத்திரையில் வெயிலைவிட, கொப்புளத்தைவிட ஆபத்தானது சாலை. வெயிலுக்குப் பயந்து அதிகாலை மூன்று மணிக்கே கிளம்பும் குழுக்கள் பல. இரவெல்லாம் வண்டி ஓட்டிய டிரைவர்கள் கண்ணயரும் நேரமும் அதுதான். நடந்துபோகிறவர்கள் மீது வண்டி ஏறிய செய்திகளைப் பாருங்கள், பெரும்பாலும் இருட்டு விலகாத நேரமாகவே இருக்கும். வெயிலா, இருட்டா என்றால் இரண்டுக்கும் நடுவே போக வேண்டும். நாலரைக்குக் கிளம்பினால் இருட்டில் நடப்பது ஒரு மணி நேரம் சொச்சம்தான்.

அந்த ஒரு மணி நேரத்துக்கும் விதி வேண்டும். சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். இடது ஓரத்தில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாது. இருவர் இருவராக மட்டும் வரிசை. முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் விட்டு விட்டு எரியும் சிவப்பு விளக்கு. காவி இருட்டில் தெரியாது, அதனால் ஒவ்வொருவர் மேலும் ஒளிரும் பட்டை வேண்டும். காதில் ஹெட்போன் கூடாது. சப்பரத்தை நடுச்சாலையில் இழுக்கக் கூடாது. எவ்வளவு தூக்கம் வந்தாலும் சாலையோரத்தில், நிற்கும் லாரிக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுக்காதீர்கள். இதில் எதையாவது உங்கள் குழு அலட்சியமாக எடுத்துக்கொண்டால், சங்கடம் பார்க்காமல் வேறு குழு தேடுங்கள்.

பெண்களுக்கு முதல் கவலை கழிப்பறை. பெட்ரோல் பங்க், பங்குக் கோவில், பள்ளிக்கூடம், இவைதான் நம்பகமான இடங்கள். அடுத்தது எங்கே என்று ஒவ்வொரு காலையும் தலைவர் சொல்லியாக வேண்டும். கழிப்பறை இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் ஆகப் பெரிய தவறு. மயக்கமும் நீர்க்கடுப்பும் அதிலிருந்துதான் வரும். மாதவிடாய் வந்துவிட்டால் நடக்கலாமா, கோவிலுக்குள் போகலாமா என்று மெதுவாகக் கேட்பார்கள். போகலாம். கத்தோலிக்கத் திருச்சபையில் அப்படி ஒரு தடையே இல்லை.

சாப்பாட்டுக்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். வழியெல்லாம் ஊர்க்காரர்கள் பந்தல் போட்டு நீர்மோரும் பொட்டலச் சோறும் தருவார்கள். வேளாங்கண்ணிக் கதையிலேயே மோர் இருக்கிறது. நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவனிடம் மாதா தன் குழந்தைக்கு மோர் வாங்கினாள், அவன் எழுந்து நாகப்பட்டினத்துக்கு ஓடினான் என்பது மரபு. நடந்து களைத்துப் போய் அந்த டம்ளரைக் கையில் வாங்கும்போது அந்தக் கதை வேறு மாதிரி புரியும். குடித்த டம்ளரையும் தட்டையும் அங்கேயே குப்பைக் கூடையில் போட்டுவிட்டு நகருங்கள். வயலோரம் வீசினால் அடுத்த வருடம் பந்தல் போட அந்த ஊருக்கு மனம் வராது. தக்காளி சாதம், புளிசாதம் எப்போது கட்டினது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வெயிலில் நாலு மணி நேரம் இருந்த பொட்டலம் வயிற்றைக் கெடுத்துவிடும்.

கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள் தரங்கம்பாடியைத் தாண்டும்போது கொஞ்சம் நில்லுங்கள். 1706இல் மதபோதகர் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர் அது. தமிழில் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சிட்ட இடமும் அதுதான். அடுத்து காரைக்கால், அதற்கப்பால் நாகூர் தர்கா. இந்த வழியைப் பஸ்ஸில் கடந்தால் எதுவும் கண்ணில் படாது.

நாகப்பட்டினத்துக்கு அப்பால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் பாக்கி. இங்கேதான் குழு உடையும். கோபுரம் தெரிந்ததும் கால் தானாக வேகமெடுக்கும், கூட்டமும் சேர்ந்துவிடும். அதனால் நாகப்பட்டினத்திலேயே எல்லோரும் நின்று, சந்திக்கும் இடத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். ‘கோவில் வாசலில்’ என்று சொன்னால் திருவிழாக் கூட்டத்தில் அது ஒரு இடமே இல்லை. மாதா குளத்தின் வாசல் என்பது போலக் குறிப்பாகச் சொல்லுங்கள். செல்போன் அணைந்துபோகும், சிக்னலும் கிடைக்காது. தலைவர் எண்ணைக் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் பையிலும், குழந்தைகளாக இருந்தால் கையிலேயே பேனாவாலும் எழுதுங்கள்.

தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், கொங்கணி, மராத்தி என்று பல மொழிகளில் திருப்பலி நடக்கும். தமிழ்ப் பூசை நேரத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். முழந்தாளிட்டு மணல் பாதையில் போக நேர்ந்துகொண்டவர்கள் அன்றைக்கே அதைச் செய்யாமல் ஒரு இரவு தூங்கி எழுந்து அதிகாலையில் செய்யுங்கள். மணல் ஆறியிருக்கும், முட்டியும் கொஞ்சம் தேறியிருக்கும்.

கடலைப் பார்த்ததும் இறங்கத் தோன்றும். களைத்த உடம்பு அலையில் நிலைக்காது, நீச்சல் தெரிந்தவருக்கும் இதே எச்சரிக்கைதான். கரையில் நின்று பாதம் நனைத்தால் போதும், அதுவும் கொப்புளம் உடையாமல் இருந்தால். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரையில் உயிரிழந்தவர்களில் யாத்ரீகர்கள் பலர். அவர்களுக்காகவும் ஒரு நிமிடம் நின்று ஜெபியுங்கள்.

திரும்ப பஸ்ஸோ ரயிலோ, கிளம்பும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். செப்டம்பர் 8 இரவு அங்கே போய் டிக்கெட் தேடினால் கிடைக்காது. வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் காலை உயர்த்தி வைத்துப் படுங்கள், வீக்கம் வடிந்துவிடும். புண் சிவந்து சூடாகிச் சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெருவிரல் நகம் கறுத்துப் போயிருந்தால் பயப்பட வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். அது தானாக விழும். அடியில் புது நகம் வளர்ந்து முழுதாக மூட ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம்.